கூடத்தில் ஒரு வாடை

வாடை கூடத்திலிருந்துதான் வருகிறது என்பதில் கோட்லோப்புக்குச் சந்தேகமே இல்லை. கூடத்தில் வாடை அடிக்கும்படியான பொருள் எதுவும் இல்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் சனிக்கிழமை காலையிலிருந்து அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

ஷூ அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து மோந்து பார்த்தார்.

"என்ன பண்ற?" சமையலறை வாசலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி லோரெ. கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"விசாரணை."

"ஷூகிட்டயா?"

"சந்தேகப்பட்டதை ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். கடைசியா எது மிஞ்சுதோ அதுதான் குற்றவாளி. ஸ்க்ரூ கம்பெனியில காலம் பூரா நான் வேற என்ன பண்ணினேன்?"

அது உண்மைதான். ஓய்வு பெறும்வரை அவர் ஸ்க்ரூ தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். குறையுள்ள ஸ்க்ரூ ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு ஸ்க்ரூ கிடைக்காததால், வீட்டையும் வீட்டுக்கு வருகிறவர்களையும் தரம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் அவங்க வந்துடுவாங்க, கோட்லோப்," என்றாள் லோரெ. "இந்த வாடையோட அவங்களை உள்ள கூப்பிட முடியாது."

அவர்கள் என்றால் சம்பந்தி வீட்டார். மகள் அல்முட், தான் கட்டிக்கொள்ளப் போகும் ஹாயோவையும் அவன் அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறாள். வடக்கே கடலோரத்தில் விடுதி நடத்துகிறவர்கள். கல்யாண விருந்தை அங்கே, அவர்களுடைய விடுதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் பேச்சு. இங்கே, நம் வீட்டில், நம் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்பது லோரெயின் ஆசை. வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அல்முட் சொல்லியிருந்தாள். தொலைபேசியை வைப்பதற்கு முன்னால், "அப்பாகிட்ட சொல்லு, அவங்ககிட்ட எதையும் சோதனை பண்ண வேணாம்னு," என்றும் சொல்லியிருந்தாள்.

ஒரே மகள். அவள் கல்யாணச் சாப்பாட்டை யாரோ ஒருவருடைய விடுதியில், யாரோ பரிமாற, விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்குமோ என்று நினைத்தாலே லோரெக்குப் பொறுக்கவில்லை.

ஷூக்கள் எல்லாம் நிரபராதிகள் என்று தெரிந்தது. இருந்தாலும் காற்றாடட்டும் என்று வாசல் படியில் அவற்றை வரிசையாக வைத்தார் கோட்லோப். அந்த வாரம் தெருவாசல் பெருக்கும் முறை பக்கத்து வீட்டு ஹேபெர்லெ அம்மாவுடையது. துடைப்பத்தை ஊன்றி நின்று ஷூ வரிசையைப் பார்த்தாள்.

"வீட்டுல நிறைய பேரு வந்திருக்காங்களோ?"

"இல்லைங்க. எல்லாம் எங்களோடதுதான்."

"அதானே பார்த்தேன்," என்று பெருக்கத் தொடங்கினாள் அவள்.

அலமாரி போனால் கூடத்தில் மிச்சம் இருந்தவை குடை வாளி, கோட்டு மாட்டும் கொக்கிகள், பூட்டிய ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் விருந்தினர் கழிப்பறை.

"அதுக்குள்ள பார்த்தியா?" என்றாள் லோரெ.

"அதுல பார்க்க என்ன இருக்கு? யாரு அதைப் பயன்படுத்துறா?"

"யாரும் இல்ல."

"பயன்படுத்தாத பொருள் எப்படிப் பழுதாகும்? தேய்மானம் இருந்தாத்தானே பழுது! அந்தக் கதவைத் திறந்துடாத. வீடே நாறிக்கிட்டிருக்கு. நாளைக்கு வர்றவங்களுக்கு அது ஒண்ணாவது சுத்தமா இருக்கட்டும்."

அந்த அறை கோட்லோப்பின் பெருமை. அவர்கள் ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்து காய்ந்தாலும் வெள்ளையாக உப்புக்கறை படியும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. தண்ணீர் இருந்தால்தானே கறை? உள்ளே வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு, கை கழுவும் தொட்டி, கழிப்பறைக் கோப்பை எல்லாவற்றையும் துணியால் ஒற்றி எடுத்துப் பளபளவென்று வைத்துவிட்டார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் புதுச் சரக்கு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை லோரெ அதை எலுமிச்சை வாசனைத் திரவம் போட்டுத் துடைத்து, பூ வேலை செய்த புதுத் துண்டுகளை மாட்டினாள். வருடம் முழுவதும் ஒருக்களித்துத் திறந்திருந்த அதன் சின்னச் சன்னலை, குளிர் தொடங்கிவிட்டது என்று கோட்லோப் இறுகச் சாத்தினார். பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அறைக்கும் ஒரு காலத்தில் ஆட்கள் போய் வந்தார்கள். ஒருவர் வெளியே வந்ததும் கோட்லோப் துணியோடு உள்ளே போவார். அவர் தேய்க்கிற கிறீச் கிறீச் ஓசை காப்பி மேசைவரை கேட்கும். விருந்தாளிகள் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லோரெயின் தங்கை வந்தபோது, "தண்ணி விட அழுத்தினது சின்னப் பொத்தானா, நிறைய தண்ணி வர்ற பெரிய பொத்தானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வெறும் தெரிந்துகொள்ளும் ஆசைதான். தங்கை அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்களுக்கும் ஏதேதோ வேலை வந்துவிட்டது. லோரெ மட்டும் ஞாயிறுதோறும் பழக்கதோஷத்தில் முழு ஆப்பிள் கேக் சுட்டு, வாரம் முழுவதும் அதைத் தானே தின்று தீர்த்தாள். அவளுக்கு வருத்தம் இருந்தது. சொன்னதில்லை.

"அப்ப சமையலறை சிங்க்தான்," என்று தீர்ப்புச் சொன்னார் கோட்லோப். "கொழுப்பு அடைச்சிருக்கும். சோடா மாவு எங்க?"

சோடா மாவைக் கொட்டி, அதன்மேல் ஒரு பாட்டில் வினிகரை ஊற்றினார். நுரை புஸ்ஸென்று எழுந்து, சிங்க்கை நிறைத்து, ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு தரைக்கு இறங்கியது. கோட்லோப் அதை வியப்போடு பார்த்தார். நுரை அடங்கியது. மோந்து பார்த்தார்கள்.

"இப்ப ரெண்டு வாடை அடிக்குது," என்றாள் லோரெ. "அந்த வினிகரை எங்க இருந்து எடுத்த?"

"மேசை மேல இருந்துச்சு."

"நாளைக்கு உருளைக்கிழங்கு சாலடுக்கு வெச்சிருந்தேன். வீட்டுல இருந்ததே அதுதான்."

அடுத்து சிங்க்குக்குக் கீழே வளைந்து தொங்கும் குழாய். கோட்லோப் மல்லாந்து படுத்துக்கொண்டு லோரெக்கு விளக்கினார். "இந்த வளைவு எதுக்குன்னு நினைக்கிற? இதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடைக் காத்து மேல வராம அந்தத் தண்ணிதான் மூடி மாதிரி தடுக்குது. எவனோ எவ்வளவு யோசிச்சிருக்கான் பாரு!"

"ரொம்ப நல்லா யோசிச்சிருக்கான். நீ அதைக் கழட்டாம இரு."

அதற்குள் கழற்றிவிட்டார். அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தரையில் படாமல், கீழே வைத்த வாளிக்குள் விழுந்தது. கோட்லோப் பெருமையோடு எழுந்து, வாளியைத் தூக்கி, தண்ணீரை அப்படியே சிங்க்கில் ஊற்றினார்.

சிங்க்குக்குக் கீழே இப்போது குழாய் இல்லை.

"உன் சாக்ஸ்," என்றாள் லோரெ.

குழாயைத் திரும்ப மாட்டும்போது, இனி ஒரு சொட்டும் கசியக் கூடாது என்று பிளாஸ்டிக் மரையைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். டக்கென்று ஒரு சத்தம். வாழ்நாளெல்லாம் மரை பார்த்த மனிதருக்கு அந்தச் சத்தம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அது விரிசல் விட்டிருந்தது. சனிக்கிழமை பிற்பகல்; ஊரில் இருந்த ஒரே சாமான் கடையும் சாத்தியாகிவிட்டது. சுவரில் இருந்த குழாய்த் துவாரத்தைப் பழந்துணியால் அடைத்தார். இனி மாடிக் குளியலறையில்தான் பாத்திரம் கழுவ வேண்டும்.

"வாடை?" என்றார்.

லோரெ கூடத்துக்குப் போய் வந்தாள். "நல்லா இருக்கு. வாடை, நல்லாவே இருக்கு."

"காத்து போக்குவரத்து இல்ல, அதான்," என்று அடுப்புக்கு மேலே இருந்த சிம்னி விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டார். ஹேபெர்லெ அம்மாவின் மூக்குக்கு எட்டக் கூடாதே என்று எல்லாச் சன்னலையும் சாத்தினார்.

விசிறி ஓட ஓட, கூடம் இன்னும் மோசமானது.

"கோட்லோப், இதைப் போட்டா வாடை ஜாஸ்தியாகுது. நிறுத்தினா குறையுது. நீ வேணும்னா பாரு."

கோட்லோப் நிறுத்திப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அவர் கண்கள் மின்னின. வாழ்க்கையில் இவ்வளவு சுவாரசியமான பழுதை அவர் பார்த்ததே இல்லை.

"அப்படின்னா விசிறி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வாடையை வெளியில இழுக்குது. வெளியில வர்றதாலதான் நம்ம மூக்குக்குத் தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடினா மொத்தமும் காலி."

மொத்தமும் காலியாகவில்லை. அன்று இரவு லோரெ மாடியில் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு காலை கோட்லோப் புதுத் திட்டத்தோடு எழுந்தார். சாக்கடைக் காற்று ஏதோ ஒரு ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும்; வீட்டிலுள்ள எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் வாடைக்கு வழியே இல்லை. குளியல் தொட்டி, குளிக்கும் மூலை, மாடிக் கழுவு தொட்டி, துணி துவைக்கும் இயந்திரத்துக் குழாய் என்று ஒவ்வொன்றிலும் துணியைத் திணித்து மேலே பட்டையான நாடா ஒட்டினார். மாடிக் கழிப்பறைக் கோப்பைக்குச் சமையலறைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதற்கு மேலும் நாடா.

"இப்ப நான் எங்க போறது?" என்று கேட்டாள் லோரெ.

"ஹேபெர்லெ அம்மா வீட்டுக்கு."

நாடா ஒட்டியது போதாதென்று நிலவறைக்குப் போய், எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று பெரிய குழாயை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். நாலாவது தட்டுக்கு வாசல் மணி அடித்தது.

"ஞாயித்துக்கிழமை!" என்றாள் ஹேபெர்லெ அம்மா. ஞாயிறு என்றால் சத்தமே கூடாத அந்தத் தெருவில் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் மூக்கு உள்ளே எட்டிப் பார்த்தது. "என்ன வாடை இது? செத்த எலியா?"

"பாலாடைக்கட்டி. பிரான்சுல இருந்து வந்தது," என்றார் கோட்லோப்.

"நான் எலின்னு நினைச்சேன்," என்று அவள் போனாள்.

எல்லா ஓட்டைகளும் அடைபட்டன. விசிறி முழு வேகத்தில் ஓடியது. கூடத்து வாடை கண்ணில் நீர் வரவழைத்தது. லோரெ ஆப்பிள் கேக் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. உள்ள காலை வெச்சதுமே மூக்கைப் பொத்துவாங்க. கல்யாணம் அங்கதான். ஒருத்தரும் இந்த வீட்டுக்கு வரமாட்டாங்க, கோட்லோப். இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்க."

கோட்லோப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அழுது அவர் பார்த்து எவ்வளவோ காலமாகிறது. பழுது சுவாரசியமாக இருந்தது, இது இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேக் தட்டைத் தட்டிக்கொடுத்தார். வெளியே கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"தோட்டம்!" என்று துள்ளி எழுந்தார். "காப்பியைத் தோட்டத்துல வெச்சுக்கலாம்!"

"நவம்பர்லயா?"

ஐந்து நிமிடத்தில் எல்லாரும் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக, ஈரப் புல்லில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மாள் கேஷெ சிவந்த கன்னமும் கலகலப்பான பேச்சும் உள்ளவள். சம்பந்தி ஓன்னோ வாசலில் "மொய்ன்" என்றார். அது அவர்கள் ஊர் வணக்கம். அதோடு அவர் பேச்சு முடிந்தது. கேக் கொடுத்தபோது தலையை ஆட்டினார். காப்பி ஆறியபோதும் தலையை ஆட்டினார்.

"அப்பா, எதுக்கு வெளியில உட்கார்ந்திருக்கோம்?" என்றாள் அல்முட் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது நம்ம பக்கத்துப் பழக்கம்தானேம்மா. குளிர் வந்தா முதல் காப்பி தோட்டத்துலதான்."

வேலிக்கு மேலே ஹேபெர்லெ அம்மாவின் தலை எழுந்தது. "அப்படியா? நான் பிறந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கேன். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

ஹாயோ கேக்குக்குள் சிரித்தான். மழை தூறத் தொடங்கியது. கோட்லோப் குடை வாளியைக் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கேஷெ லோரெயின் பக்கம் சாய்ந்தாள்.

"சம்பந்தி, காலையில இருந்து கார்லயே வந்தோமா... கொஞ்சம் பாத்ரூம் போகணுமே."

லோரெயின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கோட்லோப், பதக்கம் வாங்க மேடைக்கு அழைக்கப்பட்டவர்போல எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"வாங்க. கூடத்தைத் தாண்டுறப்ப மட்டும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. இன்னிக்குக் கொஞ்சம் சிக்கல். ஆனா நீங்க போறது விருந்தாளிக்குன்னே தனியா வெச்சிருக்கிற இடம். ஒரு சொட்டு கறை பார்க்க முடியாது."

எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள், வெளியே மழை. கோட்லோப் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினார்.

அடைத்துவைத்த நாய் மாதிரி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது வாடை.

"ஐயோ, இங்கயும் புகுந்துடுச்சே!" என்று கத்தினார் கோட்லோப். அல்முட் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். லோரெ சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கேஷெ மூக்கைப் பொத்தவில்லை. முகத்தை நீட்டி, சமையல் ருசி பார்க்கிறவள் போல மோந்தாள்.

"ஓன்னோ, இங்க வாயேன். நம்ம ஈஸ்டர் வாடை!"

"என்ன வாடை?" என்றார் கோட்லோப்.

ஓன்னோ உள்ளே போனார். பளபளக்கும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் இருந்த தண்ணீர் போகும் சல்லடையைப் பார்த்தார். மண்டியிட்டு, வால்வைத் திருகினார். சுவருக்குள் எதுவோ இருமியது. பிறகு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, கோப்பைக்கு மேலிருந்த தொட்டியில் தண்ணீர் ஏறும் ஓசை கேட்டது. நிறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். நிறைந்ததும் பெரிய பொத்தானை அழுத்தினார்.

கோட்லோப் கண்ணை மூடிக்கொண்டார்.

தொட்டி மறுபடி நிறைந்தது. ஓன்னோ மறுபடியும் பெரிய பொத்தானையே அழுத்தினார். கழுவு தொட்டிக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டார். பல் துலக்கும் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் பிடித்துத் தரைச் சல்லடையில் ஊற்றினார். கண்ணாடியெல்லாம் சொட்டு, சுவரெல்லாம் சொட்டு. கோட்லோப்பின் கை தானாகவே கால்சட்டைப் பையிலிருந்த துணியைத் தேடிப் போனது. லோரெ அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது பிடித்தபடி விடவில்லை.

ஓன்னோ சின்னச் சன்னலைத் திறந்துவைத்து, பூ வேலை செய்த புதுத் துண்டில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். மனைவிக்கு வழிவிட்டு வெளியே வந்தார். சமையலறைக்குப் போய் விசிறியை நிறுத்தினார்.

கேஷெ வெளியே வருவதற்குள் கூடத்தில் வாடை பாதியாகிவிட்டது. கேக்கையும் காப்பியையும் உள்ளே கொண்டுவந்து, சூடான அறையில் உட்கார்ந்து, ஹாயோ இரண்டாவது துண்டு கேட்டபோது, ஆப்பிளும் பட்டையும் மட்டும்தான் மணந்தன. லோரெ திரும்பத் திரும்பக் கூடத்துக்குப் போய் மோந்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

கோட்லோப்பால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை ஓன்னோவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சம்பந்தி, ரெண்டு நாளா வீட்டையே பிரிச்சுப் போட்டேன். ஒரு ஓட்டை விடல. கல்யாணம் இங்க நடக்குதோ இல்லையோ, அது உங்க விருப்பம். இது மட்டும் சொல்லிடுங்க. எந்தப் பாகம் பழுது?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஓன்னோ.

"ஒண்ணுமில்லாம எப்படி? வாடை எங்க இருந்து வந்துச்சு? ஈஸ்டர்னாங்களே, அது என்ன?"

ஓன்னோ மனைவியைப் பார்த்தார். கேஷெ வாய் நிறைய கேக்கோடு, நீயே சொல் என்று கையைக் காட்டினாள். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"குளிர்காலத்துல எங்க விடுதியைப் பூட்டிடுவோம். ஈஸ்டருக்குத் திறந்தா அறைக்கு அறை இதே வாடைதான், அந்த வளைவுக் குழாயில நிக்கிற தண்ணி அத்தனையும் காஞ்சு போயிருக்கும். சன்னலைச் சாத்திட்டு விசிறியைப் போட்டா, அது வழியா சாக்கடைக் காத்தைத்தான் உள்ள உறிஞ்சும். வாடை அடிச்சா விருந்தாளி வரமாட்டாங்கன்னு நீங்க பயந்திருக்கீங்க, விருந்தாளி வராததாலதான் இந்த வாடையே. அதனால கல்யாண விருந்தை இங்கயே வெச்சிடலாம் சம்பந்தி. அறுபது பேரு வந்து ஆளுக்கு ஒரு தடவை பெரிய பொத்தானை அழுத்திட்டுப் போனா, உங்க வீட்டுக்கு அப்புறம் ஒரு கோளாறும் வராது."